மனுவேலின் வண்டியேறிய என் சீர்க்குடம்

தலைமை நாற்காலியைத் தம் சிரிப்பாலேயே நிறைத்து அமர்ந்திருக்கும் கிர்க்கித் தமிழ் மன்றத் தலைவர் திரு. பட்டாபிராமன் அவர்களே! கூட்டந்தோறும் குறுக்குக் கேள்வி கேட்டு எங்களைக் கூர்தீட்டிய பெரியோர்களே! காலையில் பொங்கல் பொங்கி, பகலில் ஊர்வலம் நடந்து, கால்வலியோடும் கைக்குழந்தையோடும் முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! தமிழில் தயங்கி மராத்தியில் பறக்கும் பிள்ளைச் செல்வங்களே! நம் பொங்கலைத் தம் சங்கராந்தியாக எண்ணி எள்ளுருண்டையோடு வந்திருக்கும் மராத்தி அண்டை வீட்டாரே! அத்தனை பேருக்கும் ஆசிரியை சாவித்ரியின் அன்பு வணக்கம்.

நான் பேசுவது கேட்கிறதா? கடைசி வரிசையில், முருங்கை மரத்தடியில் நிற்பவர்களே, உங்களுக்கு? கேட்கிறதா! நல்லது. கேட்கிறது என்று நீங்கள் சொன்னதை மறந்துவிடாதீர்கள். முடிவில் அதற்கு வேலை இருக்கிறது.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு ‘உழவும் உயர்வும்’. மன்னிக்க வேண்டும், தலைவர் அவர்களே. உழவைப் பற்றிப் பேச இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நிலம் இல்லை. ஆனால் நமக்கென்று ஒரு வண்டி இருக்கிறது! அதோ, மேடைக்கு இடப்பக்கம் மஞ்சளும் சிவப்புமாக மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறதே, அந்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதன்மேல் அமர்ந்திருப்பவர் மனுவேல். பகலில் தட்டச்சுக்காரர், மாலையில் நம் மன்றத்தின் பாட்டுக் குரல். இளம்பிள்ளை வாதம் அவர் கால்களின் வலிமையைக் கொண்டுபோனது. குரலைத் தொட முடிந்ததா? முடியவில்லை! கைகளைத் தொட முடிந்ததா? முடியவில்லை! பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பின்சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சக்கரம் பூட்டி, ஊரெல்லாம் ஓட்டுகிறவர் அவர்.

அப்படிப்பட்டவரை ஆண்டுதோறும் நாம் என்ன செய்தோம்? ஊர்வலத்தில் சேர்க்காமல், இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, இந்த மேடையில் உட்கார வைத்தோம். வருகிறவர்களை வரவேற்கச் சொன்னோம். மரியாதை செய்ததாக நினைத்துக்கொண்டோம். சென்ற மாதம் செயற்குழுவில் அவர் கேட்டார்:

“வர்றவங்களைப் பார்த்துச் சிரிச்சிட்டு உட்கார்ந்திருக்க நான் என்ன மாலை போட்ட படமா, தலைவரே? இந்தத் தடவை ஊர்வலத்துக்கு முன்னால நான்தான் போவேன். பாட்டு என் வண்டியிலேருந்துதான் வரணும்.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “போன வருஷம் பலகைப் பெட்டி கட்டிண்டு ஓட்டிப் பார்த்தியே, என்னாச்சுப்பா?”

என்ன ஆயிற்று? கனத்த மரப்பெட்டியில் ஒலிபெருக்கி வைத்துப் பக்கவாட்டில் கட்டினார். கடைவீதித் திருப்பத்தில் ஒரு சக்கரம் தரையை மறந்தது. வண்டி வெங்காயக்காரரின் தள்ளுவண்டியில் போய்ச் சாய்ந்துகொண்டது. அந்த நல்ல மனிதர் வெங்காயத்தை விட்டுவிட்டு, “லாக்லம் கா, பாவு?” என்று, அடிபட்டதா எனக் கேட்டபடி ஓடிவந்தார்.

“ஊர்வலத்துக்கு முந்தின நாள் பாலத்துச் சரிவுல ஓட்டிக் காட்டு. சாஞ்சா, எப்பவும்போல வாடகை டெம்போதான்” என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். சிரிக்கிறார் பாருங்கள்! அன்று சிரிக்கவில்லை.

எடை குறைய வேண்டும், உறுதி குறையக் கூடாது. மழையும் வெயிலும் தாங்க வேண்டும். அப்படி ஒரு பொருள் உண்டா? ‘உண்டு’ என்று எழுந்தார் லியோனார்ட். பிம்ப்ரியில் ஹெல்மெட் செய்யும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதுபவர். கண்ணாடி நார்த்துணியை அச்சின்மேல் விரித்து, பிசின் பூசினால், இறுகி ஓடாகிவிடும். அதுதான் ஃபைபர் கிளாஸ். “நான் தினம் பார்க்கிற வேலைதானே டீச்சர், ஏக்தம் ஈஸி!” என்றார். ஐயா, பரிமாறுவதைத் தினம் பார்க்கிறவருக்கெல்லாம் சமைக்கத் தெரிந்துவிடுமா?

ஒலிபெருக்கிக்கு உருண்டையான கூடு வேண்டும் என்றார்கள். அச்சுக்கு எங்கே போவது? என் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறையில் பளபளவென்று நின்றது என் கல்யாணச் சீர்க்குடம். பித்தளை. புள்ளி புள்ளியாக என் பெயர் வெட்டியது. கேட்டார்கள், கொடுத்தேன்.

குடத்தைக் கவிழ்த்தார்கள். தரைக்குப் போடும் மெழுகைத் தேய்த்தார்கள். அடியிலிருந்து நடுவயிறு வரை நார்த்துணி போர்த்துவது என்று திட்டம். ஓடு இறுகியதும் கிண்ணம்போல் கழற்றிவிடலாம். பிறகு அதே அச்சில், வண்டியின் மறுபக்கத்துக்கு இன்னொன்று. எவ்வளவு அழகான திட்டம்!

ஆனால் இரண்டு ஓட்டுக்குமான பிசினை ஒரேயடியாகக் கலந்ததில் பாதி மிஞ்சிவிட்டது. கலந்ததை வைத்திருக்க முடியாது, டப்பாவிலேயே கல்லாகிவிடும். லியோனார்ட் யார்? தமிழ்த்தாய் வயிற்றுப் பிள்ளை! இலையில் மிச்சம் வைத்தால் முதுகில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளை! வீணாக்க மனம் வருமா? மிஞ்சியதையெல்லாம் நடுவயிற்றுக்கு அப்பாலும் பூசி, கழுத்து வரை போர்த்தி முடித்தார். தாய்மார்களே, சிரிக்காதீர்கள். அவரை அப்படி வளர்த்தது நாம்தான்!

ஓடு இறுகியது. குடம் உள்ளே மாட்டிக்கொண்டது. இழுத்தார்கள், தட்டினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். பெருத்த வயிறு சிறுத்த கழுத்து வழியே வருமா? கையில் வேறு பிசினும் இல்லை. மறுநாள் பாலத்துச் சோதனை. லியோனார்ட் சுத்தியலை எடுத்தார். “குடத்தை உள்பக்கமா நசுக்கினா ஓடு தப்பிச்சுடும் டீச்சர்.”

மனுவேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “அவங்க சீர்க்குடம்டா அது. நான் மேடையிலயே உட்கார்ந்துக்கிறேன், விடு.”

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது, சபையோரே! குடம் நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். ஒரு மனிதன் தன் ஆசையை நசுக்கிக்கொண்டால் எந்தக் கன்னானிடம் கொண்டுபோவது? குடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பூசணிக்காயை நாம் எங்கே வெட்டுவோம்? நடுவில்தானே! “குடமும் நசுங்க வேண்டாம், நீங்களும் மேடையில் உட்கார வேண்டாம், மனுவேல். அந்த ஃபைபர் ஓட்டை மட்டும் நடுவயிற்றில் சுற்றி அறுங்கள்!” என்றேன்.

இரும்பறுக்கும் ரம்பத்தை மனுவேல் கையில் எடுத்தார். பித்தளையில் கீறல் படாமல், வயிறு எங்கே மிகப் பெருத்திருக்கிறதோ அந்த வட்டத்தில் பொறுமையாக அறுத்தார். மேலொரு பாதி, கீழொரு பாதி என்று கழன்று வந்தன. நடுவே என் குடம் சிரித்துக்கொண்டு நின்றது. எண்ணிப் பாருங்கள்! மிச்சத்தை வீணாக்கியிருந்தால் கையில் ஒரு கூடுதான். வீணாக்காத பிழையால் இரண்டு! வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று!

யாரது, இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்பது? ஆமாம் ஐயா! ஒன்றுக்குக் கழுத்து உண்டு, மற்றதற்கு இல்லை. உங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே மாதிரியா? ஒரே வண்டியை இழுக்கவில்லையா?

மறுநாள் பாலத்துச் சரிவில் வண்டி இறங்கியது, ஏறியது, திரும்பியது. சாயவில்லை! தலைவர் பக்கத்திலேயே ஓடினார். மூச்சு வாங்க நின்று, “போடா மனுவேல், முன்னாலயே போ!” என்றார். இன்று பகலில் கிர்க்கிக் கடைவீதி கண்டது. முன்னே மனுவேலின் வண்டி, பின்னே நாம் அனைவரும். வெங்காயக்காரர் தம் தள்ளுவண்டியை ஓரங்கட்டிக் கைதட்டினார். வெளியூரிலிருந்து வரவழைத்த பொருளா இது? இல்லை. நம் குடம், நம் சிக்கனம், நம் பிழை, நம் கை! நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறேன், இது நம்முடையது!

முடிக்கிறேன். இந்தப் பந்தலின் இரண்டு மூங்கிலிலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறது, பார்த்தீர்களா? அதன் கம்பியை மாலையிலேயே கழற்றிவிட்டோம். கடைசி வரிசையாரே, இவ்வளவு நேரம் என் குரல் உங்களுக்கு எங்கிருந்து கேட்டது? அதோ, அந்த வண்டியிலிருந்து! அந்த இரண்டு கூடுகளிலிருந்து!

வழக்கப்படி இப்போது அடுத்த பேச்சாளரை மேடைக்கு அழைக்க வேண்டும். நான் அழைக்கப்போவதில்லை. இந்தப் படிகளில் இனி யாரும் மனுவேலைத் தூக்கி ஏற்ற வேண்டாம். மைக்கின் கம்பி நீளமானது, தலைவர் அவர்களே. நான் இறங்குகிறேன், நீங்களும் வாருங்கள். மேடை அவர் இருக்கும் இடத்துக்குப் போகட்டும்.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், சிவக்கச் சிவக்கத் தட்டிய கைகளுக்கும் நன்றி. வணக்கம், நமஸ்கார். மனுவேல், பிடியுங்கள் மைக்கை. பாடுங்கள்!