விட்ட இடத்திலேயே

"தொலைஞ்சு போயிட்டா என்னண்ணே செய்யணும்?" ஏழு வயதில், நார்த்தாமலைத் தேர்க்கூட்டத்தில் என் அண்ணன் செல்லமுத்துவிடம் நான் கேட்ட கேள்வி இது. "விட்ட எடத்துலயே நில்லுடா திருப்பதி. நான் வந்துருவேன்" என்றார். அன்று மாலையே தொலைந்தேன். சர்பத் கடை ஓரமாக அசையாமல் நின்றேன். வந்து தோளில் தூக்கிக்கொண்டார். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறோம், சார். நல்ல பாடம்.

எனக்கு ஆலங்குடியில் தேங்காய் மண்டி வேலை. பிள்ளையாருக்கு விளக்குப் போடாமல் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. எறும்புக்கு நொய் தூவுவேன். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை; அண்ணனையும்தான்.

அவர் தென்னையிலிருந்து விழுந்து ஆறு வருடம் ஆகிறது. உடம்பு தேறியது, புத்தி தேறவில்லை. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அடுத்தவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடுவார். வேட்டி அவிழ்ந்தாலும் தெரியாது. எங்காவது போய்விட்டால் பார்த்தவர்கள் கூப்பிடட்டும் என்று, என் மனைவி பிரகதீஸ்வரி அவருடைய சட்டைக் காலருக்குள்ளெல்லாம் எங்கள் போன் நம்பரை நூலால் தைத்து வைத்திருந்தாள்.

மகள் கார்த்திகாவைப் பெண் பார்க்க ஆவணியில் வருவதாக இருந்தார்கள். முன்பு வந்த இரண்டு இடம் அண்ணனைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்காமலே எழுந்து போயிருந்தது. "அன்னைக்கு ஒரு நா மாட்டுக் கொட்டாயில கட்டிப் போடுங்களேன், என்ன கொறஞ்சு போகுது" என்றார் தரகர் முனியசாமி. மனிதனைக் கட்டுவது பாவம். எனக்கு மனம் வரவில்லை.

அதனால் சென்னையைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன். ஒரே நாள் பயணம். பட்டணம் பார்க்கப் போகிறவருக்குப் பழைய சட்டையா? நீல நிறத்தில் புதிதாக ஒன்று எடுத்துப் போட்டுவிட்டேன்.

எழும்பூரில் இறங்கி அருங்காட்சியகம் பார்த்தோம். மயிலாப்பூரில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மெரினா மணலில் இறங்கியதும், "ஜெகதாப்பட்டினமாடா? போட்டெல்லாம் எங்க?" என்றார்.

"இது மெட்ராஸ்ணே."

"இங்க கடலுக்கு என்னடா இம்புட்டுக் கோவம்? நம்ம கடலு பேசாமத்தானே கெடக்கும்."

இருவரும் சிரித்தோம். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். பிறகு பட்டம் விற்கும் கடையோரம் நிறுத்தி, "இங்கயே நில்லுங்கண்ணே, வாரேன்" என்றேன்.

"போயிட்டு வாடா. நான் எங்கிட்டும் போகமாட்டேன்."

அந்தக் கடற்கரைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அதில் ஒருவர் ஒரு கவளம் தந்தால் போதுமே. நான் மனிதர்களை நம்புகிறவன்.

ஊருக்கு வந்து, கூட்டத்தில் தவறவிட்டுவிட்டேன் என்று அழுதேன். அழுகை பொய்யில்லை. புகாரில் மட்டும் சட்டை வெள்ளை என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்தப் படத்தில் அவர் மேல் கிடக்கும் துண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். பொங்கலுக்கு மண்டியில் கொடுத்தது, மண்டியின் பெயர் அச்சடித்திருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை. பதினோராம் நாள் நான் திரும்பப் போனேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. நல்ல மத்தியானம். அதே கடை. அதன் நிழலிலேயே சுருண்டு படுத்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. பக்கத்தில் யாரோ வைத்த பன் ஒன்று காய்ந்து கிடந்தது. பார்த்தீர்களா, தருகிறார்கள்.

தயிர்சாதப் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்தேன். துண்டைப் போர்த்தினேன். மூச்சு இருந்தது, லேசாக. கண் திறந்தால் என்ன சொல்வது என்று பயமாயிருந்தது. திறக்கவில்லை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கிளம்பிவிட்டேன். உயிர் போனது அன்றைக்கா அடுத்த நாளா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வந்துவிடுவேன் என்று சொன்னார், அன்று வந்தார். அந்தக் கடன் முப்பத்தெட்டு வருடம் என் தோளில் இருந்தது. நானும் வந்தேன், சார். யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் செய்யவும் இல்லை.