ஒரே கதிரை, ஒரே கத்தி

என் இடதுகால் பெருவிரலில் ஒரு சுருட்டைப் பற்ற வைக்கலாம். காற்றடிக்கிற நாளிலும் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் நம்பவில்லை. நீங்களும் சிரிக்கிறீங்கள், ஸாலிஹ் தம்பி. பரவாயில்லை. நீங்கள் டோரினுடைய வழக்குக்கு வந்த லோயர், எல்லாத்தையும் சந்தேகப்படத்தான் வேணும். பேனையை வைத்துவிட்டு முதலில் அந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பென்ஷன் எடுத்தவன். ஹியூபேட் என்றால் இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஒருமுறை சேர்க்கஸ் கப்பலில் இருந்து யானை ஒன்றை இறக்கினேன். அந்தரத்தில் தொங்கும்போது அது என்னைப் பார்த்துக் கண்ணடித்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். யானை உண்மை. கண்ணடித்தது நான் போட்டது. அதனால் இங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஹியூபேட் பத்து என்றால் ஐந்து என்று எடுப்பார்கள். அது தெரிந்து நான் இருபது சொல்லுவேன். அவர்கள் கால்வாசியாகக் குறைப்பார்கள். யாவாரம் போல இப்படியே போனது, ஒருவருக்கும் நட்டமில்லை. முதுகை வெட்டும்வரைக்கும்.

டோரினின் புருஷன் ஒஸ்வால்டும் அதே கிரேன்தான். காலையில் அவன், பின்னேரம் நான். ஒரே கதிரை. அதன் ஸ்பிரிங் வெள்ளைக்காரன் காலத்திலேயே செத்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியும் தரையைத் தொடுகிறபோது அந்த இடி நேரே முள்ளந்தண்டில் ஏறும். அவன் எழும்பின சூடு ஆறமுதல் நான் போய் இருப்பேன். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் எலும்பு விலகியது. டொக்டர் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சத்தில் பிடித்து, "ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார். இது நான் கூட்டவில்லை.

ஒரே டொக்டர், ஒரே கத்தி, ஒரே நாள். காலையில் அவன், பின்னேரம் நான், கிரேனில் போலவே. இருவர் முதுகிலும் இரண்டு கம்பி, நாலு திருகாணி. டொக்டர் நேர்மையான மனுசன். கனபேர் எழும்பி நடப்பார்கள், சிலபேருக்கு நரம்பு கோபித்துக்கொள்ளும், யாருக்கு என்று வெட்டமுதல் சொல்ல ஏலாது என்றார். ஒஸ்வால்ட் என் பக்கம் திரும்பி, "சீட்டுக் குலுக்குவமா, மச்சான்?" என்றான். நானும் சிரித்தேன்.

அவன் எழும்பினான். அந்த நத்தார்ப் பெருநாளுக்கே பைலா ஆட்டம் ஆடினான். எனக்கு இடது பாதம் தொங்கிப்போனது. கோயிலில் இருந்து ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன், மற்றது எங்கே கழன்றது என்று தெரியாமல். சிறுநீர் போவதென்றால் குழாயைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணிச் சத்தத்தில் நின்று காத்திருக்க வேணும். அதெல்லாம் பழகிவிட்டது. பெருவிரல்தான் பழகவில்லை. ஊசியால் குத்தினால் தெரியாது. ஆனால் எரியும். போர்வை பட்டாலும் எரியும், படாவிட்டாலும் எரியும். பத்துக்கு எத்தனை என்று டொக்டர் கேட்டார். நாற்பது என்றேன். அவர் சிரித்தார். பத்து என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பத்து என்றால் ஐந்துதானே.

எல்லாரும் குறைத்தார்கள், என் பெண்சாதி மேபல்கூட. அவர்கள் கொஞ்சம் என்றாலும் மிச்சம் வைத்தார்கள். ஒஸ்வால்ட் ஒன்றும் வைக்கவில்லை. "ஒரே டொக்டர், ஒரே திருகாணி. நான் ஆடுறன், நீ நொண்டுறாய். நடிக்காத, மச்சான்" என்பான். அவன் சொன்னால் எடுபடும். அவன் முதுகிலும் அதே கம்பிதானே இருந்தது.

ஒருநாள் பின்னேரம் அவன் வீட்டு விறாந்தையில் முந்நூற்றுநாலு விளையாடிக்கொண்டிருந்தோம். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒஸ்வால்ட் மேசைக்குக் கீழே குனிந்து, எரிகிற சிகரட்டை என் பெருவிரலில் பிடித்திருக்கிறான். எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் சிரித்த பிறகுதான் தோல் கருகின மணம் வந்தது. "பாருங்கடா, சுட்டாலும் தெரியுதில்ல. பிறகெப்பிடி எரியும்? குத்தினாத் தெரியாது எண்டுறான், எரியுது எண்டுறான். டேய் புளுகா, ரெண்டில ஒண்டைச் சொல்லு" என்றான். நான் துருப்பை இறக்கி அந்த ஆட்டத்தை வென்றேன். கோபம் வரவில்லை. இதை நீங்கள் எழுத வேணும். கோபக்காரன் என்றால் அன்றைக்கே அடித்திருப்பான்.

அது ஆமிக்காரன் சந்திக்குச் சந்தி பாரியர் போட்டு ஆட்களைச் சோதித்த காலம். உங்களுக்குத் தெரியாததா. எங்காவது குண்டு ஒன்று வெடித்தால் அடுத்த நாள் புது இடத்தில் ஒன்று முளைக்கும். எங்கள் முதுகில் இரும்பு தேடுகிற அந்தக் கைமெஷினைப் பிடித்தால் அது பிள்ளை மாதிரி அழும். அதற்காக இருவரும் முதுகுப் படத்தைப் பெரிய கடதாசி உறையில் போட்டுக்கொண்டு திரிவோம். கொட்டாஞ்சேனைப் பாரியர்ப் பொடியன்களுக்கு எங்களைத் தெரியும். யகட மாமா என்று கூப்பிடுவார்கள், இரும்பு மாமா. ஒஸ்வால்ட் படத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து இரண்டு எட்டு பைலா வைப்பான். ஆமிக்காரன் சிரித்துவிட்டு, போ என்பான். என்னையும் அதே சிரிப்போடு விடுவான்.

டோரின் வெள்ளவத்தையில் இருக்கிற தன் தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு முதல்நாளே போவதாக இருந்தாள். அன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். டோரின் குசினியில் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள், ஒஸ்வால்ட் தலைமயிர் வெட்டப் போயிருந்தான். அலுமாரிக்கு மேலே இரண்டு உறை. ஒன்றில் வெட்டமுதல் எடுத்த படம், மற்றதில் கம்பி போட்ட பிறகு எடுத்தது. இரண்டிலும் அவன் பெயர். பழையதை வழிக்குக் கொண்டுபோகிற உறையில் போட்டேன். புதியதைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டோரின் சூட்டோடு ஒரு கட்லட் தந்தாள். நன்றாக இருந்தது.

நான் நினைத்தது சின்ன விஷயம். கொஞ்ச நேரம் மறித்து வைப்பார்கள். வாங்கிலில் இருத்தி வைத்தால் இடுப்பு உளையும். கலியாணச் சாப்பாடு போகும், பைலா போகும். என் முதுகில் இருக்கிறது இதுதான் என்று ஒருவன் சொல்ல, கேட்கிறவன் நம்பாமல் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு பொழுது அவனுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். சிநேகிதன் ஒருவனுக்குப் படிப்பிக்க ஏலாத பாடமா அது?

கலியாணத்தன்று காலையில் அவனும் நானும் பஸ் ஏறினோம். வெள்ளவத்தைக்குக் கிட்ட அந்தக் கிழமைதான் புதுப் பாரியர் ஒன்று போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியும், பேப்பரில் பார்த்தேன். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். பொடியன்கள் எல்லாம் புதுசு. கண்ணில் நித்திரை இல்லை. நாங்கள் அவர்களுக்குப் பயந்தோம், அவர்கள் எங்களுக்குப் பயந்தார்கள்.

ஒஸ்வால்ட் எனக்கு முன்னால் நின்றான். மெஷின் அழுதது. அவன் சிரித்துக்கொண்டே படத்தை இழுத்து, வெயிலுக்குத் தூக்கி, ஒரு எட்டும் வைத்துவிட்டான். ஆமிப் பொடியன் அண்ணாந்து பார்த்தான். வெள்ளை வெளேரென்ற எலும்பு. ஒரு குண்டூசிகூட இல்லை. திரும்பவும் மெஷினைப் பிடித்தான், திரும்பவும் அழுதது. ஒஸ்வால்டின் சட்டையைத் தூக்கினான். உள்ளே இடுப்பைச் சுற்றி அகலப் பட்டி, கொளுவி, நாடா. ஆடுகிற நாளில் மட்டும் டொக்டர் கொடுத்த பட்டியைக் கட்டுவது ஒஸ்வால்டின் பழக்கம். அந்த நாட்களில் இடுப்பில் எதைக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று அந்தப் பொடியனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவன் கத்தினான். வரிசை சிதறியது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துவக்கு ஒஸ்வால்டின் நெஞ்சுக்கு வந்தது.

அதுவரைக்கும் அது ஒரு பகிடிதான், தம்பி. அந்த இடத்தில் ஒரு சொல் போதும்.

ஒஸ்வால்ட் அப்போதுதான் படத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஹியூபேட், சொல்லுடா. உன்ர படத்தைக் காட்டுடா" என்றான். என் படம் என் கையிலேயே இருந்தது. அதே கம்பி, அதே திருகாணி. என் சிங்களம் அந்தப் பொடியனின் சிங்களத்தைவிடத் திறம், கொழும்பில் யாரையும் கேட்டுப் பாருங்கள். மற்ற ஆமிக்காரன் என் பக்கம் திரும்பி, இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டான்.

"தன்னே நே, மாத்தயா" என்றேன். தெரியாது ஐயா என்று.

மரியாதையாகத்தான் சொன்னேன்.

குப்புறத் தள்ளினார்கள். ஒருத்தன் முதுகில் முழங்காலை ஊன்ற, மற்றவன் சப்பாத்தோடு ஏறி நின்றான். கிரேனில் வயர் அறமுதல் ஒரு சத்தம் வரும். கேட்டவனுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தம் கேட்டது. இதையும் நான் கூட்டவில்லை. பிறகு அவர்களுடைய பெரிய ஒபிசர் ஒருவர் ஓடிவந்தார். அவரிடம் என் படத்தைக் காட்டி, இவர் என் சிநேகிதன், இருவரும் ஒரே நாளில் முதுகு வெட்டியவர்கள் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். உடனே விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது நான்தான். அதையும் எழுதுங்கள்.

கம்பி முறிந்து நரம்புக்குள் போய்விட்டது. திரும்பவும் வெட்டி எல்லாவற்றையும் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் வேலை செய்யாது. இப்போது டோரின் போட்ட வழக்கில் அரசாங்கப் பக்கம், அவன் வேணுமென்று பழைய படத்தைக் காட்டி ஏமாற்றப் பார்த்தான் என்கிறது. லண்டனில் இருக்கிற அவர்களுடைய மகன்மார், அம்மாதான் உறையை மாற்றி வைத்துவிட்டா என்கிறார்கள், அவளுக்கு டெலிபோன் எடுப்பதையும் விட்டுவிட்டார்கள். டோரின் அதை நம்பிவிட்டாள். ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலில் வாசலில் இருந்து பீடம்வரை முழங்காலில் போகிறாள். முழங்கால் இரண்டும் புண்.

அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. போய்ச் சொன்னேன், நான்தான் மாற்றினேன் என்று. அவள் என் கையைப் பிடித்து முத்தம் கொஞ்சினாள். "என்னைக் காப்பாத்த இப்பிடியொரு பொய் சொல்றீங்களே, ஹியூபேட் அண்ணா. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று அழுதாள். பாருங்கள், அங்கேயும் குறைத்துவிட்டாள். அதனால்தான் உங்களை வரச்சொன்னேன்.

நீங்களும் எழுதாமல் இருக்கிறீங்கள். எனக்குத் தெரியும். இந்தாருங்கள், இது என் மெத்தைக்கு அடியில் இருந்தது. யன்னலில் பிடித்துப் பாருங்கள். கீழ்மூலையில் ஒஸ்வால்டின் பெயர். நடுவில் இரண்டு கம்பி, நாலு திருகாணி. டொக்டர் வடிவாகப் போட்டிருக்கிறார், என்ன? டோரினுக்கும் காட்டுங்கள். அவள் இனி முழங்காலில் போகத் தேவையில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்டீங்கள். போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோரின் கோப்பை கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஒஸ்வால்ட் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். பாரியரில் நான் சொன்னது அவன் காதில் விழுந்ததோ தெரியாது. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நர்ஸ் வந்து அவன் உள்ளங்காலை ஊசியால் குத்திப் பார்த்தாள். அசையவில்லை. அவள் போன பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"குத்தினது தெரியேல்ல, ஹியூபேட்" என்றான். "ஆனா எரியுதடா. பெருவிரல் எரியுது. நான் சொன்னா நர்ஸ் சிரிக்கிறாள்."

நான் குனிந்து அவன் பெருவிரலைப் பார்த்தேன்.

"நீ சொன்னது பொய் இல்லையடா. சுருட்டுப் பத்த வைக்கலாம்."

அன்றைக்குப் பொழுதுபடும்வரை என் பெருவிரல் எரியவில்லை, தம்பி. இதை மட்டும் நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. டோரின் கழுவின கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "சத்தமாச் சொல்லு, மச்சான், அவளுக்கும் கேக்கட்டும்" என்றேன்.

சொன்னான்.