பெற்றோர் வரும் நாளில் லீவு

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் தூங்கலாம் என்றுதான் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் நடுவயதுக்காரர். மற்றவர் அவர் குடியிருக்கும் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், வளர்ந்த இளம்பெண். தாய்லாந்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறாராம், விடுமுறைக்கு வந்திருக்கிறார். அவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் போய்விட்டது.

“புள்ளைங்களோட தாய் தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வர்ற நாளுல மட்டும் என்னைய லீவு எடுத்துக்கச் சொல்லிருவாங்க அத்த.”

“ஏன் புள்ள? நீதானே சொல்லிக் குடுக்குற?”

“இங்கிலீசுன்னா அவங்களுக்கு வெள்ளக்காரங்கதான் நிக்கணும். ஊர் சுத்த வந்த ஒருத்தரப் புடிச்சு, டை கட்டி, என் வகுப்புல நிப்பாட்டுவாங்க. அவரு என்ன பேசணும்னு மொத நாளே நான் எழுதிக் குடுக்கணும்.”

“நீ ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அன்னைக்கு ரூம்ல துணி தொவைப்பேன்.”

பஸ் ஒரு வளைவில் திணறி ஏறியது. மூத்தவர் வெளியே தேயிலைச் சரிவைக் கைகாட்டினார்.

“இங்கயும் டூரிஸ்ட்டுங்க வர்ற அன்னைக்கு எங்கள மேல் மலைக்கு அனுப்பிருவாங்க. ரோட்டோரத்துல ஹோட்டல் புள்ள ஒருத்தி செவப்புச் சேல கட்டி, கூடையோட போட்டோவுக்கு நிக்கும்.”

“அந்தப் புள்ளைக்குக் கொழுந்து எடுக்கத் தெரியுமா அத்த?”

“எங்க தெரியும்? கூடைய மாட்டுறதுலருந்து நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”