இரண்டாவது குழல்

மிஷினின் ஓவன் ஆறுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற குழலைக் கழற்றக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அன்றைக்கு நானே கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் வழுக்கியது. விரல் நுனி பொசுங்கியது. மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறப்பதற்குள் குழலை மேஜை இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டேன்.

"இன்னா தனகோட்டி, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது? ஏசி போடலியா?"

"கரண்ட் கம்மியா வருது சார்."

"அந்த ஆக்சிடெண்ட் ரத்தம் முடிஞ்சுதா? ஸ்டேஷன்லேர்ந்து போன் மேல போன் போட்டு உயிர வாங்கறாங்க."

"முடிஞ்சுது சார். குடிச்சிருக்கான்."

எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். அங்கிருந்துதான்.

எங்கள் லேப் திண்டிவனம் சாலையில் இருக்கிறது. செக்கு முதலாளிகள் கொண்டுவருகிற கடலை எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. எப்போதாவது விபத்து வழக்கில் ரத்தமும் வரும். வண்டி ஓட்டியவன் குடித்திருந்தானா இல்லையா என்று சொல்ல வேண்டும். செஞ்சியில் அதைச் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கர்வத்துக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் இது இவ்வளவு சுலபமாக முடிந்தது.

குழல் என்றால் தலைமுடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை. உள்ளே துளை இருக்கும். சுருட்டி வைத்தால் பானைக்கு வைக்கிற பிரிமணை மாதிரி தெரியும். ரத்தத்தில் இருக்கிற ஆவியை ஒரு முனையில் அனுப்பினால், கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுமுனையில் வெளியே வரும். பிரிப்பது குழல் அல்ல, அதன் உட்சுவரில் தடவியிருக்கும் பூச்சு. சிங்கவரம் சாலையில் இரண்டு பேர் நடந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் டீ பிடிக்கும். ஒருத்தனுக்கு மட்டும் போண்டாவும் பிடிக்கும். வழியெல்லாம் டீக்கடை மட்டும் இருந்தால் இரண்டு பேரும் ஒன்றாகவே ஊர் போய்ச் சேருவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே ஆள் வருகிற மாதிரி இருக்கும். போண்டாக் கடை இருக்கிற சாலையில் அனுப்பினால்தான் ஒருத்தன் பின்தங்குவான்.

எங்களிடம் மெழுகு மாதிரிப் பூச்சு உள்ள குழல் ஒன்று, சிலிக்கோன் பூச்சு உள்ளது ஒன்று. மெழுகுக் குழல் பழசு, பூச்சு தேய்ந்துபோனது. குடிக்கிற சாராயமும், ஆஸ்பத்திரியில் புண் துடைக்கிற ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட்டும் அதில் ஒன்றாகவே வெளியே வரும். சிலிக்கோனில் வராது, தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால்தான் இரண்டிலும் ஓட்டிப் பார்த்து, இரண்டும் ஒன்றையே சொன்னால் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. இன்னொரு விதியும் உண்டு. சொந்தக்காரர்களுடைய மாதிரியைத் தொடக் கூடாது.

அந்த ரத்தம் என் மருமகன் சேரனுடையது. புட்டியில் நம்பர் மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டு ரத்தம் வெளியூர் லேபுக்குப் போயிருக்கும் என்று முதலாளி நினைத்திருந்தார். நான் சொல்லவில்லை.

என் பெண் ரஞ்சனி அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அனந்தபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றிருந்தது, பின்விளக்கு கிடையாது. அவனுக்குத் தோளில் காயம். அவளுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. தாயில்லாத பெண். நான் தலை பின்னிவிட்டு வளர்த்த பெண். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம் மேடம், பேசினால் மீதியைச் சொல்ல மாட்டேன்.

சேரன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். கல்யாணத்துக்கு முன்னால் மாரியம்மன் கோயில் வாசலில் ரஞ்சனி முன்னிலையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு தொடவில்லை. ஆனால் ஊர் பழைய சேரனைத்தானே ஞாபகம் வைத்திருக்கும். ரிப்போர்ட் வந்ததும் யாரும் ஆச்சரியப்படவில்லை. "நாய் வால நிமித்தப் பாத்துச்சு அந்தப் பொண்ணு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அவன் அம்மா நாகம்மாள் மட்டும் நம்பவில்லை. ஒருநாள் காலையில் சேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். முந்தானையில் சூடப் பாக்கெட் முடிந்திருந்தது.

"வா அண்ணே கோயிலுக்கு. எம் புள்ள குடிக்கலன்னு சூடம் அணைக்கிறான். மிஷினு அப்படித்தான் சொல்லுச்சுன்னு நீ அணை. ஆத்தா பாத்துக்கட்டும்."

"எதுக்கு நாகம்மா இதெல்லாம்?"

"உம் பொண்ணு செத்தா உனக்கு நியாயம் வேணும். எம் புள்ள உசுரோட சாவறானே, எனக்கு வேணாமா? இன்னா பேச்சு பேசற நீ?"

போனேன். முதலில் அவன் அணைத்தான். பிறகு நான். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, மிஷின் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன். மெழுகுக் குழல் அப்படித்தானே சொன்னது. அந்த அளவில் அது பொய்யில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாகம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அணைத்தால் அம்மன் யாரை நம்புவாள் என்று அவளுக்குப் புரியவில்லை. சேரன் குனிந்து அவளைத் தூக்கினான்.

"வுடும்மா. மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கோன் குழலிலும் நான் ஓட்டியிருந்தேன். முதலாளி படியேறி வந்தபோது நான் கழற்றிக்கொண்டிருந்தது அதைத்தான். அவன் ரத்தத்தில் சாராயம் ஒரு சொட்டு இல்லை. இருந்தது ஸ்பிரிட். தோள் காயத்தைத் துடைத்த பஞ்சாலேயே கையையும் சொட்டச் சொட்டத் துடைத்து ஊசி போட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவனே நான்தான்.

திரையில் அதைப் பார்த்த பிறகு, இரண்டு குழலும் ஒன்றையே சொன்னதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் போயிற்று, பால் வண்டி ஓட்டுகிற வேலை போயிற்று. ஜாமீனில் வெளியே வந்தவனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குடிகாரன் என்று ஊரே சொல்லிவிட்ட பிறகு குடிக்காமல் இருந்து என்ன ஆகப் போகிறது. திரும்பக் குடிக்க ஆரம்பித்தான். போன மாதம் கோட்டைக்குள் செட்டிக்குளத்தில் பிணமாக மிதந்தான். அந்த ரத்தமும் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. இந்த முறை இரண்டு குழலிலும் முறைப்படி ஓட்டினேன். இரண்டும் ஒன்றையே சொன்னது. சாராயம்தான். அந்த ரிப்போர்ட்டில் தப்பு ஒன்றும் இல்லை, நீங்கள் நம்பலாம்.

நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். காரியம் முடிந்த மறுநாள் நாகம்மாள் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"உன்னைப் போயி சந்தேகப்பட்டு ஆத்தா முன்னால நிக்க வெச்சுட்டேன் அண்ணே. பொய் சத்தியம் பண்ணது எம் புள்ளதான் போல. அதான் கொண்டுட்டுப் போயிட்டா. மனசுல வெச்சுக்காத."

காலில் விழப் போனாள். தடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

பெண்ணைப் பறிகொடுத்த ஆத்திரமா என்கிறீர்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வந்தேன். எல்லோரும் ஒப்புக்கொள்கிற காரணம், ஜட்ஜுகூடக் கண் கலங்குவார். ஆனால் எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஒருநாளும் இருந்ததில்லை மேடம்.

மெழுகுக் குழல் முதலில் ஓடியபோது, குடித்திருக்கிறான் என்று திரை காட்டியபோது, பாரம் இறங்கிய மாதிரி மூச்சு வந்தது. சாப்பிடலாம் போலிருந்தது. அன்று ராத்திரி தூங்கலாம் போலிருந்தது. அப்புறம் இரண்டாவது குழல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதனால்தான் சூடு ஆறும்வரை காத்திருக்க முடியவில்லை.

விபத்து நேரத்தில் யாராவது போன் பண்ணினார்களா என்று உங்கள் எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டார். யாரும் பண்ணலீங்க சார், நான்தான் கவனிக்கல என்றான். குடித்திருந்தான் என்று ரிப்போர்ட் வந்த பிறகு அதை யாரும் சரிபார்க்கவில்லை. எஸ்.ஐ. அந்தப் பக்கம் போனதும் என் கையை அழுத்தி, "யார்கிட்டயும் சொல்லாத மாமா. ரஞ்சனி இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பா" என்றான்.

போன் பண்ணியது நான்தான், விடாமல் அடித்தேன். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான், தெரியும். மாமா இத்தனை தடவை கூப்பிடுகிறாரே என்று பயந்து எடுத்தான். பின்னால் ரஞ்சனி, "நைனாவா? குடு, நான் பேசறேன்" என்று சிரித்தது கேட்டது. அதற்கப்புறம் கேட்டதையும் நான் கேட்டேன்.

அவசரம் ஒன்றுமில்லை. மீன் குழம்பு வைத்திருந்தேன். ஆறிக்கொண்டிருந்தது.