ரத்தான சீட்டுகள்

பௌர்ணமி நாட்களில் மதியச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்கே முடித்துவிடுவேன். அதற்கு மேல் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நாற்காலியை விட்டு எழ முடியாது. மலை சுற்ற வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஊருக்குப் பேச வேண்டியிருக்கும்.

நீங்கள் எண்பத்து நாலாம் வருஷத்துச் சித்திரைப் பௌர்ணமியைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஐயா.

அப்போது அஜ்மத் பேகமாகிய நான் அங்கே சூப்பர்வைசர். சரசு ஆபரேட்டர். வெளியூருக்கு யார் பேசக் கேட்டாலும் ஒரு சீட்டு எழுதுவோம். கேட்ட நேரம், லைன் கிடைத்த நேரம் இரண்டும் அதில் இருக்கும். மாசக் கடைசியில் சீட்டுக் கட்டுகள் மெட்ராசுக்குப் போகும். அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த ஊரில் நூற்றுக்கு எத்தனை அழைப்பு அரை மணிக்குள் கிடைத்தது என்று பட்டியல் அடித்து அனுப்புவார்கள். ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதம். நாலு மாசமாக நாங்கள்தான் கடைசி. முதலில் வரும் ஊருக்கு வேலூர் லைன் இன்னொன்று தருவதாகப் பெரிய அதிகாரி சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்தவை இரண்டே. இன்னொன்று வந்தால் ஊருக்கே நல்லதுதானே.

பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று புரிந்தது. கேட்டவரே வேண்டாம் என்று சொன்ன அழைப்பைக் கம்ப்யூட்டர் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அரை மணியை நெருங்கும் சீட்டில் 'கேட்டவர் ரத்து செய்தார்' என்று எழுதிவிட்டு, அதே அழைப்புக்குப் புதுச் சீட்டு போட்டேன். அது வரிசையில் கடைசிக்குப் போகும். கொஞ்சம் ஜாஸ்தி காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு லைன் வேலை செய்யவில்லை. பன்னிரண்டு பத்துக்கு ஆஸ்பத்திரி டாக்டர் வேலூருக்கு அவசரமாகப் பேசக் கேட்டார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலை என்ற பெண்ணைப் பாம்பு கடித்திருந்தது. விஷமுறிவு மருந்து இங்கே தீர்ந்துபோயிருந்தது. வேலூரிலிருந்து ஒன்றே கால் பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்ல வேண்டும். அது நாலு மணிக்கு இங்கே வந்துவிடும்.

"அக்கா, இத மொதல்ல போட்டுடறேன்," என்றாள் சரசு.

வரிசையைப் பார்த்தேன். அதை முன்னால் விட்டால் ஒன்பது சீட்டுகள் அரை மணியைத் தாண்டிவிடும். ஒன்றா, ஒன்பதா?

"எழுந்திரு, நான் பாத்துக்கறேன்," என்று அவளை அனுப்பிவிட்டு இணைப்பு போர்டின் முன்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு டாக்டரின் சீட்டை ரத்து செய்தேன். ஒரு மணி ஆறு நிமிஷத்துக்கு இரண்டாவதையும். அது சரசுவின் டியூட்டி நேரம் என்பதால் அவள் பெயரின் முதலெழுத்தையே அவற்றில் போட்டேன்.

நடுவில் பாஞ்சாலையின் புருஷன் தருமன் ஜன்னலுக்கு வந்தார். சட்டைகூடப் போட்டிருக்கவில்லை.

"அம்மா, வேலூரு கிடைக்கலீங்களா? அவளுக்குக் கண்ணு சொருகுதுங்க."

"நீங்க அவங்க பக்கத்துல போய் இருங்க. கிடைச்சதும் மணி அடிக்கும்," என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது சீட்டுக்கு ஒன்று முப்பத்து நாலுக்கு லைன் கிடைத்தது. இருபத்தெட்டே நிமிஷம். பட்டியலில் அது நல்ல அழைப்பு. மருந்து அடுத்த பஸ்ஸில் ஆறரைக்கு வந்து இறங்கியது. பாஞ்சாலை ஐந்து மணிக்கே போய்விட்டாள்.

அந்த மாசம் தொண்ணூற்றாறு சதவீதத்தோடு முதலில் வந்தோம். புது லைனும் வந்தது. இன்றைக்கும் ஊர் அதில்தான் பேசுகிறது.

டாக்டர் புகார் எழுதினார். விசாரணையில் சீட்டுகளை எடுத்து வைத்தேன். அவற்றில் சரசுவின் முதலெழுத்து இருந்தது. அவளுக்கு வேலை போயிற்று. மூன்று வருஷமாக அவள் போட்ட மனுக்களால்தான் நீங்கள் இன்று வந்திருக்கிறீர்கள். ஆமாம், ஐயா. ரத்து செய்ததும் நான், அவள் எழுத்தைப் போட்டதும் நான், அந்தப் பெண்ணைக் காக்க வைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். பன்னிரண்டு வருஷம் சரசுவைக் கூடப் பிறந்தவள்போல வைத்திருந்தேன். அவள் பிரசவத்துக்கு நான்தான் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தேன். அப்படிப்பட்டவள் விசாரணையில் என்னை வைத்துக்கொண்டே, "அஜ்மத் அக்காதாங்க எழுதினாங்க" என்று அதிகாரியிடம் சொன்னாள். அந்தத் துரோகத்தை நினைத்தால்தான், ஐயா, எனக்கு இன்றும் சாப்பாடு இறங்குவதில்லை.