கடைசி இரண்டு கார்கள்

ரப்பருக்கும் வயதாகும், ஐயா. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் உள்ளேயே கெட்டிப்பட்டு வெடித்துப்போகும். எங்கள் கார் சங்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் அது. கப்பலில் உதிரிபாகம் வரவழைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என் ஷெட்டில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஒவ்வொருவராகக் காரை விற்றார்கள். என் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். கடைசியில் மாட்டு டாக்டர் ஒருவர்தான் மிஞ்சினார். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். அவரும் நானும் காருக்கடியில் படுத்தபடி பேசிக்கொண்டிருப்போம். அவர் மனைவியை அக்கா என்பேன். பிளாஸ்கில் டீ கொண்டுவருவார். வாரத்தில் நான் வாய் திறப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

போன மாதம் டாக்டர் சொன்னார்: "வண்டியக் குடுத்துடலாம்னு இருக்கேன்ப்பா. மகன்கிட்டயே போயிடறோம்."

"அப்ப சங்கம்?"

சிரித்தார். "ரெண்டு பேருக்கு எதுக்குப்பா சங்கம்? போன்ல பேசிக்கலாம்."

போனில் பேசிக்கலாம் என்று போனவர்கள் யாரும் பேசியதில்லை, ஐயா.

வாங்குகிறவருக்குக் காட்டுவதற்குமுன் பிரேக்கைச் சரிபார்க்கக் கொடுத்தார். பிரேக்குக்கான புது ரப்பர் கையில் இருந்தது. நான் பெட்டியிலேயே கெட்டிப்பட்டுப்போன பழையதைப் போட்டேன். ஓட்டிப் பார்க்கும்போது பெடல் தொளதொளவென்று இறங்கும், வாங்க வந்தவர் வேண்டாம் என்பார், டாக்டர் திரும்ப என்னிடம்தான் வருவார். இங்கே சமதளம்தானே, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அக்கா போன் செய்தார். "தம்பி, விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ மலைக்குப் போய்ட்டு வரலாம்ங்கறார். பிரேக்கெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அந்த மலைப்பாதையில் இறங்கும்போது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே முடியாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். தெரிந்துவிட்டால் அப்புறம் என் வாசலையே மிதிக்கமாட்டார்கள்.

"தாராளமா போய்ட்டு வாங்கக்கா," என்றேன்.

டாக்டர் பிழைக்கவில்லை. அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மகன் வந்து காரியங்களை முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டான். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சாப்பாடு ஊட்டிவிடுவதும் நான்தான். என் கையைப் பிடித்தால் விடமாட்டார். "நீ இல்லன்னா என் கதி என்ன தம்பி," என்பார். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எதையும் மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கிவிடும். நான் போகாவிட்டால், பாவம், அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?