மிச்சமே இல்லாத கேன்டீன்

"யக்கா, உங்காளுங்க இப்படி தட்ட வழிச்சித் துன்னா, எம் பன்னிங்க இன்னாத்த துன்னும்?"

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மதிய லோக்கலில், எனக்கு எதிர் சீட்டில் இருந்தவர் கேட்டார். மடியில் காலி டிரம். அவர் பக்கத்தில் இருந்த அம்மா ஏதோ கம்பெனி கேன்டீனில் சமைப்பவர். அங்கே மிச்சமாகும் சோறுதான் டிரம்காரருடைய பன்றிகளுக்குத் தீனி என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"நா இன்னா தம்பி பண்றது? யாரு எவ்ளோ கொட்றாங்கோன்னு எடை போட்டு போர்டுல எழுதறாங்க. வெக்கத்துல ஒருத்தனும் மீதி வெக்கறதில்ல. நானும் அரிசியக் கொறச்சிட்டேன்."

"நல்லதுதான். நானும் அஞ்சு பன்னிய வித்துட்டேன். இருக்கற ரெண்டுக்கே இன்னிக்கு ஒண்ணுமில்ல."

கவரப்பேட்டை தாண்டியதும் அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாளைக்கு ரெண்டு டிரம்மா எட்த்துகினு வா."

"ஏன்க்கா?"

"மெட்ராஸ்லேந்து பெரிய ஆபீசருங்க வராங்கோ. மிச்ச சோறு வீணாவாம பன்னிக்குப் போவுதுன்னு போட்டோ புடிக்கணுமாம். டிரம்மு காலியா இருந்தா நல்லாருக்காதுன்னு, மேனேஜர் பத்து கிலோ அரிசி சேத்துப் போடச் சொல்லிட்டாரு."

"கொட்றதுக்குன்னே ஆக்கப் போறியா?"

"ஆமா. சாம்பாரும் வெக்கணுமாம்."

அவர் டிரம்மை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பொன்னேரியில் இறங்க எழுந்தபோது கேட்டார்.

"யக்கா, அவங்க தெனமும் போட்டோ எடுக்க மாட்டாங்களா?"